ஒரே நெட்வொர்க்கில் இருப்பது அனுமதி ஆகாது

ஓர் அலுவலகத்தில் உள்ள கணினிகள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் தம் மேசையில் அமர்ந்தபடியே அடுத்தவருடைய கணினியில் உள்ள கோப்புகளைத் திறந்து பார்க்க முடிகிறது. அப்படிப் பார்ப்பது ஆகுமா? இதை நம்மில் பலர் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகவே கருதுகின்றோம். 'எப்படிப் பார்ப்பது?' என்று கேட்போர் பலர், 'பார்க்கலாமா?' என்று கேட்போர் மிகச் சிலர். மார்க்கத்தின் ஒழுக்கம் தொடங்குவதோ இரண்டாவது கேள்வியிலிருந்துதான்.

மஞ்சக்குப்பத்தின் ஆடிட்டர் அலுவலகங்கள், திருப்பாதிரிப்புலியூரின் மொத்த வியாபாரக் கடைகள், சிதம்பரத்தின் டிராவல்ஸ் நிறுவனங்கள், பரிசோதனை நிலையங்கள், பள்ளி அலுவலகங்கள், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களின் ஜமாஅத் அலுவலகங்கள் என்று நம் கடலூர் மாவட்டத்தில் நாம் அன்றாடம் போய்வருபவை பெரும்பாலும் சிறு அலுவலகங்களே. நெட்வொர்க்கைக் கவனிப்பதற்கென்று தனியாக ஒருவரை நியமிக்கும் வசதி இவற்றுக்கு இருப்பதில்லை. கணினியை விற்றவரே வந்து இணைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே பிரிண்டரை எல்லோரும் பயன்படுத்த வேண்டும், டேலி கணக்கு எல்லாக் கணினிகளிலும் திறக்க வேண்டும், ஸ்கேன் செய்தவை ஓரிடத்தில் சேர வேண்டும் என்பனவே முதலாளியின் தேவைகள். அவை நிறைவேறியவுடன் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

திறந்து கிடப்பவை எவை?

விண்டோஸ் கணினி ஒன்றில் 'நெட்வொர்க்' என்ற இடத்தைச் சொடுக்கினால், அதே இணைப்பில் உள்ள மற்றக் கணினிகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியலாம். அவற்றுள் ஒன்றைத் திறந்தால், அதில் 'ஷேர்' செய்யப்பட்ட ஃபோல்டர்கள் தெரியும். இது திருட்டு வழியன்று. கூட்டாக வேலை செய்வதற்காகவே உருவாக்கப்பட்ட வசதி. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு ஃபோல்டரை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று ஆள்வாரியாக வரையறுக்கும் வழி விண்டோஸிலேயே உண்டு. ஆனால், அதற்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைக்க வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக 'எவ்ரிஒன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிடுகின்றார்கள். சில இடங்களில் முழு டிரைவும் இப்படித் திறந்துவிடப்படுகிறது. கடவுச்சொல் கேட்கும் அமைப்பும் அணைக்கப்பட்டிருந்தால், அந்த இணைப்புக்குள் வரும் எவருக்கும் எல்லாமே திறந்த புத்தகம்தான்.

அங்கே கிடப்பவை எவை? உம்ராவுக்கும் வளைகுடா வேலைக்கும் செல்வோரின் பாஸ்போர்ட் நகல்கள்; ஆதார், பான் அட்டைகள்; ஊழியர்களின் சம்பளப் பட்டியல்; ஒரு பெண்ணின் மருத்துவப் பரிசோதனை முடிவு; வங்கிக் கடன் கேட்டு ஒருவர் கொடுத்த வருமான விவரம். இவற்றோடு, வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்துபவர் அறியாமலே திறந்து வைத்திருக்கும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கக்கூடும். வீட்டில் பர்தா பேணும் நம் குடும்பங்களுக்கு இது எத்துணைப் பெரிய விஷயம் என்பதை விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குள்ளேயும் அனுமதி

அனுமதி பெறுதல் குறித்து நாம் எல்லோரும் அறிந்த இறைவசனம் அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம். பிறர் வீடுகளுக்குள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையக்கூடாது என்பது அதன் கட்டளை. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று அடுத்த வசனம் கூறுகிறது. ஆனால், 'அது அந்நியர் வீட்டுக்குத்தானே? நாங்கள் ஒரே அலுவலகத்தவர். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள்' என்று ஒருவர் கேட்கலாம்.

அதற்கான விடை அதே அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தில் இருப்பதாக நாம் கருதுகின்றோம். அங்கே பேசப்படுவோர் அந்நியர் அல்லர். ஒரே வீட்டில் வாழும் பணியாளர்களும் பருவமடையாத பிள்ளைகளும். ஃபஜ்ருக்கு முன்பு, நண்பகல் ஓய்வுநேரம், இஷாவுக்குப் பின்பு ஆகிய மூன்று வேளைகளில் அவர்களும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று அவ்வசனம் ஒழுங்கு செய்கிறது. வெளிச்சுவரைக் கடந்து உள்ளே வந்தவருக்கு உள்ளறைகள் அனைத்தும் உரிமையாகிவிடுவதில்லை. நெட்வொர்க் என்பது வெளிச்சுவர். ஒவ்வொருவருடைய கணினியும் ஓர் உள்ளறை. ரவுட்டரின் கடவுச்சொல் நமக்குத் தெரியும் என்பதனால் அந்த உள்ளறைகளைத் திறக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

அதே சமயம், மார்க்கம் வாழ்க்கையை முடக்கிப் போடவும் இல்லை. அந்நூர் 29-ஆம் வசனம், எவரும் குடியிருக்காத, நமக்குப் பயன்படும் பொருள்கள் உள்ள இடங்களுக்குள் செல்வதில் குற்றமில்லை என்கிறது. பயணிகள் தங்குமிடங்கள், கடைகள் போன்றவற்றை விரிவுரையாளர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அலுவலகத்தின் பொது ஃபோல்டர் அத்தகையது. எல்லோருக்கும் என்று வைக்கப்பட்ட விலைப்பட்டியலையும் படிவங்களையும் திறக்க ஒவ்வொரு முறையும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. எது பொதுக்கூடம், எது ஒருவரின் அறை என்பதைப் பிரித்தறிவதே இங்கு வேண்டியது. பிரித்தறிய முடியாதவாறு எல்லாம் கலந்து கிடந்தால், கேட்டுவிட்டுத் திறப்பதே பேணுதல்.

பார்வைக்காகவே அனுமதி

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். அதை அறிந்த நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டம் ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று விளக்கினார்கள். அந்த மனிதர் உள்ளே நுழையவில்லை, எதையும் எடுக்கவில்லை, பார்க்க மட்டுமே செய்தார். 'நான் எதையும் காப்பி பண்ணவில்லை, அழிக்கவில்லை, சும்மா பார்த்தேன்' என்பதே இன்று நெட்வொர்க்கில் நுழைவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அந்தச் சமாதானத்தை இந்த ஒரு நபிமொழியே நீக்கிவிடுகிறது.

துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் 12-ஆம் வசனம் நேரடியாகவே தடுக்கிறது. அவ்வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சந்தேகம், அடுத்துத் துருவுதல், அதன்பின் புறம் பேசுதல். அலுவலகங்களில் நடப்பதும் இதே வரிசைதான். 'அவருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகமோ' என்ற எண்ணம் எழுகிறது. ஒரு ஃபோல்டர் திறக்கப்படுகிறது. மாலையில் தேநீர்க் கடையில் அது பேச்சாகிறது. ஒரு வாரத்துக்குள் இருவரின் நட்பு முறிகிறது. சில வேளை ஒருவருடைய வேலையே போகிறது.

பிறருடைய கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பதைக் கண்டிக்கும் செய்தியொன்று அபூதாவூதில் இருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறுவதால், நாம் அதை ஆதாரமாக முன்வைக்கவில்லை. மேலே சொன்ன இறைவசனங்களும் புகாரியின் செய்தியும் போதுமானவை.

முதலாளியின் உரிமை எதுவரை?

இங்கே நியாயமான கேள்வியொன்று எழும். 'கணினி என்னுடையது, நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கின்றேன், வாடிக்கையாளர் பணம் காணாமற்போனால் பொறுப்பு எனக்கு. நான் பார்க்கக் கூடாதா?' என்று முதலாளிகள் கேட்பர். பார்க்கலாம். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவை பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி முதலாளிக்கும் உரியதே. அலுவலகக் கணக்கு, அலுவலக மின்னஞ்சல், சரக்கிருப்பு ஆகியவற்றைக் கண்காணிப்பது அவருடைய கடமையும்கூட.

ஆனால், கண்காணிப்பு வேறு. ஒளிந்து நின்று வேவு பார்ப்பது வேறு. முந்தையது சொல்லிவிட்டுச் செய்யப்படுவது. வேலையோடு தொடர்புடையவற்றில் நின்றுவிடுவது. பிந்தையது சொல்லாமல் செய்யப்படுவது, எல்லையற்றது. ஊழியரின் திரையைத் தொலைவிலிருந்து அப்படியே காட்டும் மென்பொருள்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றை ஊழியருக்குத் தெரியாமல் நிறுவி, அவர் தம் மனைவிக்கு அனுப்பும் செய்தியையும் படிக்கின்ற முதலாளி, பொறுப்பாளர் என்ற வரம்பைக் கடந்துவிட்டார். மக்களின் குறைகளைத் தேடித் துருவிக்கொண்டிருந்தால் அவர்களைக் கெடுத்துவிடும் நிலை ஏற்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஆவியா (ரலி) அறிவிக்கின்றார்கள். பின்னாளில் ஆட்சிப் பொறுப்பேற்றவர் அவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மது அருந்தியதாகச் சொல்லி ஒருவர் கொண்டுவரப்பட்டபோது, துருவி ஆராய்வது எங்களுக்குத் தடுக்கப்பட்டுள்ளது, வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டுமே நடவடிக்கை எடுப்போம் என்ற கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) பதிலளித்ததாக அபூதாவூதில் காண்கின்றோம். கணக்கில் குறை தெரிந்தால் விசாரியுங்கள். குறை கிடைக்குமா என்று உள்ளறைகளைக் கிளறாதீர்கள் என்பதே இதிலிருந்து முதலாளிகள் பெறும் பாடம்.

உலகின் நீதிமன்றங்களும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்துள்ளன. ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற ஊழியர், அலுவலகத்தின் யாஹூ மெசஞ்சர் வழியாகச் சொந்தச் செய்திகள் அனுப்பியதற்காக 2007-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய உரையாடல்களை நிறுவனம் பதிவு செய்து படித்திருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 செப்டம்பர் 5 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கண்காணிக்கவே கூடாது என்று அந்நீதிமன்றம் கூறவில்லை. கண்காணிப்பு உண்டு என்பதும், அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டனவா என்பதையே முக்கியமாகக் கேட்டது.

அதற்குச் சில நாள்கள் முன்னர், 2017 ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் தொடர்பான விவாதத்தில் பிறந்த அத்தீர்ப்பின் கருத்து, நம் அலுவலக மேசைவரை வந்து சேர வேண்டும் என்பதே நம் விருப்பம்.

சட்டம் சொல்வது

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, ஒரு கணினியையோ நெட்வொர்க்கையோ அதன் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி அணுகுவதையும், அதிலிருந்து தகவலை நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக வைத்துள்ளது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'ஒரே நெட்வொர்க்' என்ற சலுகை இச்சட்டத்திலும் இல்லை.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவைப் பயன்படுத்த அது முதலாளிக்கு இடமளிக்கிறது. எனினும், பிறருடைய தரவை வைத்திருப்பவர் அதைத் தகுந்த முறையில் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கவும் வழி செய்கிறது. பாஸ்போர்ட் நகல்களைத் திறந்த ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும் சிறு அலுவலகம், 'இது பெரிய கம்பெனிகளுக்கான சட்டம்' என்று இருந்துவிட முடியாது.

கதவைச் சாத்துவதும் கடமை

எட்டிப் பார்ப்பவரை மட்டும் குறை கூறி நாம் நின்றுவிடக் கூடாது. பிறருடைய ஆவணத்தை வாங்கி வைத்திருப்பது அமானிதம். அமானிதத்தைத் திறந்த வாசலில் வைத்துவிட்டு, 'யாரும் பார்க்காதீர்கள்' என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது.

திறந்த வாசல் வழியாக வருபவர் எப்போதும் சக ஊழியராகவே இருப்பார் என்பதும் இல்லை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்ற தீநிரல், விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 'எஸ்.எம்.பி.' என்ற நெறிமுறையின் பழைய பதிப்பிலிருந்த குறையைப் பயன்படுத்தியே ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அக்குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, பழைய எஸ்.எம்.பி. தானாக நிறுவப்படுவதும் நிறுத்தப்பட்டது. இதனால் பழைய கணினியும் புதிய கணினியும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போகும்போது, அந்தப் பழைய பதிப்பையே மீண்டும் இயக்கிவிட்டுச் செல்வோர் இருக்கின்றனர். இது பூட்டுப் போட்ட கதவை மீண்டும் பெயர்த்தெடுப்பதற்கு ஒப்பாகும்.

நம் மாநிலத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி 2019-இல் எழுந்த செய்தியும் நினைவிருக்கலாம். தீநிரல் ஒன்று கண்டறியப்பட்டது உண்மையே என்று அணுமின் கழகம் அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் கணினி. முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டுள்ளது என்றும் விளக்கியது. அந்த விளக்கத்தின் அடிப்படைத் தத்துவம் நம் சிறு அலுவலகத்துக்கும் பொருந்தும்: எல்லோரும் உள்ளே இருந்தாலும், உள்ளேயும் சுவர் வேண்டும்.

செய்ய வேண்டியவை அரிய வித்தைகள் அல்ல. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். முழு டிரைவைப் பகிர்வதை நிறுத்தி, பொதுவானவற்றுக்கு மட்டும் ஒரு ஃபோல்டர் வையுங்கள். 'எவ்ரிஒன்' என்பதை நீக்கி, தேவைப்படுவோரின் பெயர்களை மட்டும் சேருங்கள். ஸ்கேனர் ஃபோல்டரை அன்றாடம் காலி செய்யுங்கள். வாடிக்கையாளருக்கும் விருந்தினருக்கும் ரவுட்டரில் தனி 'கெஸ்ட்' இணைப்புக் கொடுங்கள். இது வீட்டுக்கும் பொருந்தும். மடிக்கணினியை வெளியிடங்களில் இணைக்கும்போது 'பப்ளிக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது பிறருக்குத் தன்னைக் காட்டாமல் இருக்கும். உங்கள் கணினியின் பகிர்ந்த ஃபோல்டர்களுக்குள் இந்நேரத்தில் யார் வந்திருக்கிறார் என்பதை அறிய, 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' பகுதியில் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' என்பதன் கீழ் 'செஷன்ஸ்' என்பதைப் பாருங்கள். கண்காணிப்பு மென்பொருள் இருந்தால், அதை எழுத்தில் தெரிவித்து ஊழியரின் ஒப்பத்தைப் பெறுங்கள்.

அவசரத்தில் என்ன செய்வது என்றும் கேட்கலாம். விடுப்பில் உள்ளவரின் கணினியில் ஒரு கோப்பு உடனே தேவைப்படுகிறது. அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அவர் எடுக்கவில்லையென்றால், பொறுப்பாளரின் முன்னிலையில் அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துவிட்டு, எடுத்ததை அவருக்குத் தெரிவியுங்கள். தேவையின் அளவே சலுகையின் அளவு என்பது ஃபிக்ஹில் நாம் அறிந்த விதிதான்.

ஜமாஅத் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள்

எல்லாவற்றையும்விட நம் கவலைக்குரியது நம் சொந்த ஜமாஅத்களின் கணினிகள். நிகாஹ் பதிவேடு, தலாக் தொடர்பான கடிதங்கள், குடும்பப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கியவை, ஜகாத்தும் மருத்துவ உதவியும் கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஆகியவை இன்று பலவிடங்களில் கணினிக்கு வந்துவிட்டன. கைநீட்டக் கூசி, இரவு நேரத்தில் தலைவரிடம் தனியே வந்து கேட்ட ஒரு விதவையின் பெயர், எவ்வளவு உதவி பெற்றார் என்ற விவரத்தோடு திறந்த ஃபோல்டரில் கிடக்குமானால், அவருடைய மானத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தர்மம் செய்பவரைச் சிறப்பித்துக் கூறிய மார்க்கம் நம்முடையது. கொடுத்தவர் மறைத்ததை நம் நெட்வொர்க் வெளிப்படுத்திவிடக் கூடாது.

எனவே, ஒவ்வொரு ஜமாஅத்தும் அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே இதை ஒரு பொருளாக எடுத்து, எந்தப் பதிவை யார் யார் பார்க்கலாம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். கணினி தெரிந்த நம் இளைஞர்கள் ஒரு நாள் மாலையைச் செலவிட்டால், அந்தப் பக்கத்தில் எழுதியதைக் கணினியிலும் அமைத்துக் கொடுத்துவிடலாம். எப்படி நுழைவது என்று அறிந்த பிள்ளைகளுக்கு, எப்படிப் பூட்டுவது என்பதும் தெரியும்.

பிறருடைய மறைவிடங்களைக் காப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.